ராஜாவைக் காணோம்: 26 வருஷம் வரைந்தும் முடியாத 'பெல்ஷாத்சாரின் விருந்து'

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை எடுத்துவிட்டு, கொஞ்சம் சீர்செய்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பூட்டின அறையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1843 ஜூலை மாதம். அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ்போர்ட் என்று ஒரு ஊர். அங்கே வாஷிங்டன் ஆல்ஸ்டன் என்கிற ஓவியர் இறந்துபோகிறார். வயசு 63. அந்த நாட்டின் மிகப் பெரிய ஓவியர் என்று பலரும் நினைத்த மனிதர். அவருடைய ஸ்டூடியோவில் ஒரு பிரம்மாண்டமான படம் இருந்தது. அந்தப் படம் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதை யாருக்கும் காட்ட மாட்டார். 1817-ல் ஆரம்பித்த படம். இடையில் பல வருஷம் சுருட்டிக் கிடந்தாலும், சாகிற வாரம் வரைக்கும் அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இறந்த பிறகு உறவினர்களும் நண்பர்களும் அந்த ஸ்டூடியோவுக்குள் போகிறார்கள். 12 அடி உயரம், 16 அடி அகலம். உங்க வீட்டு ஹாலில் மாட்ட முடியாது, சீலிங் இடிக்கும். படத்தின் பெயர் 'பெல்ஷாத்சாரின் விருந்து'. பெல்ஷாத்சார் என்பது ராஜாவின் பெயர். கதையே அந்த ராஜாவைப் பற்றியது.

படத்தில் ராஜா இல்லை.

ராஜா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெயின்ட். ஆல்ஸ்டனே அவரை மூடி அழித்திருக்கிறார், திரும்ப வரையலாம் என்று. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஒரு நல்ல ஓவியர், நல்ல கதை, கையில் பணம், காத்திருக்கிற ரசிகர்கள், 26 வருஷம். இவ்வளவும் இருந்து படம் ஏன் முடியவில்லை? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். நடுவில் இன்னொரு ஓவியரும் வருவார். அவர் அதே கதையை எடுத்து, வரைந்து முடித்து, கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தடுப்பு போடுகிற அளவுக்கு ஹிட் கொடுத்தார்.

முதலில் கதை

பைபிளின் பழைய ஏற்பாட்டில் தானியேல் புத்தகம், ஐந்தாவது அதிகாரம். தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க, சுருக்கமா சொல்லிடறேன்.

பாபிலோன் ராஜா பெல்ஷாத்சார் தன் பிரபுக்கள் ஆயிரம் பேருக்கு விருந்து வைக்கிறான். திராட்சரசம் ஓடுது. போதையில் ஒரு ஆசை வருகிறது. எருசலேம் ஆலயத்திலிருந்து நேபுகாத்நேச்சார் கொள்ளையடித்து வந்த பொன், வெள்ளிப் பாத்திரங்கள் கஜானாவில் இருக்கின்றன. யூதர்களின் ஆலயத்தில் வழிபாட்டுக்காக வைத்திருந்த பாத்திரங்கள். அதைக் கொண்டு வாங்க, அதில் குடிப்போம் என்கிறான். குடிக்கிறார்கள்.

அப்போது ஒரு மனிதக் கையின் விரல்கள் தோன்றி, விளக்குக்கு எதிரே இருக்கிற சுவரில் எழுதுகின்றன. உடம்பு இல்லை, முகம் இல்லை, கை மட்டும். ராஜாவின் முகம் வெளிறிப்போகிறது, முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஜோசியர்களையும் கல்தேய ஞானிகளையும் கூப்பிடுகிறான். யாராலும் அதைப் படிக்க முடியவில்லை. கடைசியில் ராணி சொல்லி, சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட யூதர்களில் ஒருவரான தானியேல் வருகிறார்.

சுவரில் இருந்தது இதுதான்: மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்.

தானியேல் சொன்ன அர்த்தம் சுருக்கமாக: உன் ஆட்சியின் நாட்கள் எண்ணி முடிக்கப்பட்டன. நீ தராசில் நிறுக்கப்பட்டாய், எடை குறைகிறது. உன் ராஜ்யம் பிரிக்கப்பட்டு மேதியருக்கும் பெர்சியருக்கும் போகிறது. அன்று ராத்திரியே ராஜா கொல்லப்படுகிறான்.

ஆங்கிலத்தில் வரப்போகிற கேட்டுக்கு முன்னறிவிப்பை 'ரைட்டிங் ஆன் தி வால்' என்று சொல்வாங்க இல்லையா? அந்தத் தொடர் பிறந்தது இந்தச் சுவரில்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கு. அந்த வார்த்தைகளை அப்படியே படித்தால் எடைக்கற்களின் பெயர்களாகவும் கேட்கும். மினா, மினா, ஷெக்கேல், அப்புறம் அரை மினா. கடைத்தெருவில் பொருள் நிறுக்கிற அளவுகள். நம்ம ஊரில் யாரோ சுவரில் "கிலோ, கிலோ, கிராம், அரைக் கிலோ" என்று எழுதிவிட்டுப் போன மாதிரி. 1880களில் கிளெர்மோன்-கன்னோ என்கிற பிரெஞ்சு அறிஞர் இதை எடுத்துச் சொன்னார். அப்படிப் பார்த்தால் ஞானிகளுக்கு எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதைவிட, எடைக்கல் பெயர்களுக்கும் ராஜாவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் புதிராக இருந்திருக்கும். அந்தப் பெயர்களுக்குள் இருந்த வினைச்சொற்களைத்தான் தானியேல் வெளியே எடுக்கிறார்: எண்ணு, நிறு, பிரி.

ஆக இது எடை போடுகிற கதை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

'ரொமான்டிக்' என்றால் காதல் இல்லை

ஆல்ஸ்டனை ரொமான்டிக் காலத்து ஓவியர் என்று சொல்வார்கள். இங்கே ரொமான்டிக் என்பது ரோஜாப்பூ சமாச்சாரம் இல்லை. சுமாராக 18-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த ஒரு மனநிலை. அறிவால் மட்டும் உலகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. பயம், பிரமிப்பு, கனவு, இருட்டு இதெல்லாமும் உண்மைதான் என்று நம்பிய தலைமுறை. புயல், எரிமலை, இடிந்த கோட்டை என்று அவர்கள் தேடிப்போய் வரைந்ததற்கு அதுதான் காரணம்.

இவர்களுக்கு பைபிள் ஒரு பெரிய சுரங்கம். ஆனால் ஒரு வித்தியாசம் கவனிங்க. முந்தைய நூற்றாண்டுகளில் பைபிள் காட்சி என்றால் பெரும்பாலும் தேவாலயத்துக்காக வரைவார்கள். இவர்கள் காலத்து லண்டனிலும் பாஸ்டனிலும் அது கண்காட்சி அரங்குக்குப் போகிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற விஷயமாகிறது. கும்பிட வருகிறவர்கள் இல்லை, பார்க்க வருகிறவர்கள். அவர்களை அசத்த வேண்டும்.

அதோடு அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. 1793-ல் பிரான்ஸ் ராஜாவின் தலை போனது. 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியன் விழுந்தார். இரண்டே வருஷம் கழித்து, லண்டனில் இருந்த ஆல்ஸ்டன் ஒரே ராத்திரியில் கவிழ்கிற சாம்ராஜ்யத்தை வரைய உட்காருகிறார். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பழங்கதையாக இருந்திருக்காது.

லண்டனில் ஒரு வாக்குவாதம்

ஆல்ஸ்டன் 1779-ல் தென் கரோலினாவில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்துவிட்டு லண்டன் ராயல் அகாடமிக்குப் போனார். கவிஞர் கோலரிட்ஜுக்கு நெருங்கிய நண்பர். அவர் 1814-ல் வரைந்த கோலரிட்ஜின் உருவப்படம் இப்போது லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. பின்னால் தந்திக் கருவியால் பெயர் பெற்ற சாமுவேல் மோர்ஸ் இவரிடம் ஓவியம் படித்தவர்தான். எலிசா தீர்க்கதரிசியின் எலும்புகள் பட்டு ஒரு பிணம் உயிர்த்தெழுகிற காட்சியை வரைந்து, பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷனில் 200 கினி பரிசு வாங்கியிருந்தார். சுருக்கமா சொன்னா, திறமை இல்லாதவர் இல்லை. முடிக்கத் தெரியாதவரும் இல்லை.

அதே லண்டனில் ஜான் மார்ட்டின் என்று ஒருவர். ஆல்ஸ்டனைவிடப் பத்து வயசு சின்னவர். வடக்கு இங்கிலாந்தில் ஒற்றை அறை வீட்டில் பிறந்தவர். நியூகாசிலில் வண்டிகள் செய்கிற பட்டறையில், வண்டிகள் மேல் குலச்சின்னம் வரையத்தான் முதலில் தொழில் பழகினார். அப்புறம் பீங்கானிலும் கண்ணாடியிலும் வரைந்து பிழைத்தார். ஹார்வர்டும் கிடையாது, கோலரிட்ஜும் கிடையாது.

இரண்டு பேரும் பெல்ஷாத்சாரின் விருந்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், வாதாடியிருக்கிறார்கள். ஆல்ஸ்டனுக்கு ஒரு யோசனை, மார்ட்டினுக்கு வேறு ஒரு யோசனை. அந்தப் பேச்சிலிருந்துதான் 'நானே வரையறேன்' என்று மார்ட்டின் முடிவெடுத்தார். இருவருக்கும் பழக்கமான சார்லஸ் லெஸ்லி என்ற ஓவியர், வேண்டாம் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க அவரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். மார்ட்டின் கேட்கவில்லை.

தூரத்திலிருந்து பார்த்தவர்

மார்ட்டினின் படம் 1820-ல் முடிந்தது. 1821-ல் பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷனில் வைத்தார்கள்.

அதில் ராஜாவைத் தேடணும். முதலில் தெரிவது கட்டடம். முடிவே இல்லாமல் போகிற தூண் வரிசைகள், மேலே திறந்த வானம், நிலா, தூரத்தில் ஒரு கோபுரம். கீழே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மனிதர்கள், எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி. அவ்வளவு இருட்டான படத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? சுவரில் எரிகிற எழுத்திலிருந்து. நடுவில் கறுப்பு உடையில் நிற்கிற தானியேலும், பயந்து பின்வாங்குகிற ராஜாவும் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் விரல் நுனி அளவுதான்.

கூட்டம் அலைமோதியது. படத்தைக் காப்பாற்றத் தடுப்பு போட்டார்கள். கண்காட்சியை மூன்று வாரம் நீட்டித்தார்கள். ஆல்ஸ்டனுக்குக் கிடைத்த அதே 200 கினி பரிசு இவருக்கும் கிடைத்தது. மார்ட்டின் ஒரு காலத்தில் வேலை பார்த்த கண்ணாடி வியாபாரி வில்லியம் காலின்ஸ் படத்தை வாங்கினார். இந்தக் காட்சியைக் கண்ணாடியில் வரைந்த ஒரு பிரதியும் உண்டு. காலின்ஸ் அதைச் சுவரில் பதித்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டுக் காட்டினார். எழுத்து நிஜமாகவே ஒளிரும். சினிமா வருவதற்கு எழுபது, எண்பது வருஷம் முன்னாடி! 1916-ல் கிரிஃபித் எடுத்த 'இன்டாலரன்ஸ்' படத்தின் பாபிலோன் செட்டைப் பார்த்தால் மார்ட்டினின் தூண்கள் ஞாபகத்துக்கு வரும்.

எல்லாருக்கும் பிடித்ததா? இல்லை. கட்டுரையாளர் சார்லஸ் லாம் 1833-ல் ஒரு போடு போட்டார். அவர் கேள்வி எளிமையானது. மூலத்தில் அந்தக் கையைப் பார்த்ததாகச் சொல்லப்படுவது யார்? ராஜா மட்டும். பிரபுக்கள் கலங்கியது ராஜாவின் முகத்தைப் பார்த்து. ஆனால் மார்ட்டினின் படத்தில் அரங்கமே கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இது தெய்வ பயம் இல்லை, கூட்டத்தின் பீதி என்றார் லாம். அதற்கு ஒரு கதையும் சொன்னார். பிரைட்டன் அரண்மனை விருந்து ஒன்றில் விளக்குகளை அணைத்துவிட்டு, பூகம்பம் வருது என்கிற மாதிரி ஒரு வாசகத்தை விளக்கெழுத்தில் ஒளிரவிட்டார்களாம். அலறல், மயக்கம், ஓட்டம். கடைசியில் பார்த்தால் அது ஒரு விளையாட்டு. மார்ட்டின் வரைந்திருப்பது அந்த மாதிரிப் பயம்தான் என்பது லாமின் வாதம்.

நியாயமான கேள்வி. ஒரு மனிதனுக்கு மட்டும் வருகிற தீர்ப்பை எப்படி வரைவது? ஆல்ஸ்டன் செய்ய நினைத்தது அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பக்கத்தில் போய் நின்றவர்

ஆல்ஸ்டன் தேர்ந்தெடுத்தது கை தோன்றுகிற நொடியை இல்லை, தானியேல் அர்த்தம் சொல்கிற நொடியை. ஓட்டம் கிடையாது. எல்லாரும் நின்றுவிட்டார்கள். முன்னால் பெரிய உருவங்கள்: ஒரு பக்கம் ராஜாவும் ராணியும், நடுவில் தானியேல், மறுபக்கம் தோற்றுப்போன கல்தேய ஜோசியர்கள். பின்னால் விருந்து மண்டபம் ஆழமாகப் போகிறது. ஒரே வாக்கியத்தைப் பல பேர் கேட்கிறார்கள். ஒவ்வொரு முகத்திலும் அது வேறு வேறு மாதிரி விழ வேண்டும். மார்ட்டினுக்குக் கட்டடம் பேசினால் போதும். ஆல்ஸ்டனுக்கு ஒவ்வொரு முகமும் பேசியாகணும்.

1818-ல் அந்தத் துணியைச் சுருட்டிக்கொண்டு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். இன்னும் ஆறிலிருந்து எட்டு மாத வேலைதான் பாக்கி என்பது அவர் கணக்கு.

இந்த ஆறு எட்டு மாசத்துக்குத்தான் 25 வருஷம் ஆச்சு.

ஒரு நல்ல ஆலோசனை

பாஸ்டனில் அப்போது கில்பர்ட் ஸ்டூவர்ட் என்கிற மூத்த ஓவியர் இருந்தார். ஒரு டாலர் நோட்டில் இருக்கிற ஜார்ஜ் வாஷிங்டன் முகம் இவர் வரைந்த படத்திலிருந்து வந்ததுதான். ஆல்ஸ்டன் அவரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். ஸ்டூவர்ட் பார்த்துவிட்டு, பெர்ஸ்பெக்டிவ் சரியில்லை என்றார்.

பெர்ஸ்பெக்டிவ்னா என்ன? ஒரு கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்றேன். பந்தி நடக்கிற அதே தரையில் நின்று போட்டோ எடுங்க. பரிமாற நிற்கிறவர்களின் தலைகள், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வரும். வாழையிலைகள் ஒல்லியான பச்சைக் கோடுகளாகத் தெரியும். இப்போ மாடிப்படி ஏறி மேலேயிருந்து எடுங்க. தூரத்தில் இருக்கிறவர்கள் படத்தில் மேலே போய்விடுவார்கள். இலை முழுசாகத் தெரியும், அதில் என்ன பரிமாறியிருக்கு என்பதுகூடத் தெரியும். பந்தி மாறவில்லை, கண் இருக்கிற உயரம் மாறியது. ஆனால் படத்தில் எல்லாமே மாறிவிட்டது.

ஓவியத்தில் கண்ணின் உயரத்தையும் தூரத்தையும் மாற்றினால், ஒவ்வொரு தூண், ஒவ்வொரு படி, ஒவ்வொரு ஆள், அந்த ஆளின் கை மடங்குகிற கோணம் வரை எல்லாத்தையும் திரும்பக் கணக்குப் போடணும். போட்டோ என்றால் மறுபடி க்ளிக் பண்ணிடலாம். 16 அடித் துணியில், காய்ந்த எண்ணெய் வண்ணத்தின் மேல், என்ன பண்ணுவது?

ஆல்ஸ்டன் ஒத்துக்கொண்டார். அதுதான் இந்தக் கதையின் சோகம். ஸ்டூவர்ட் பொறாமையில் சொல்லவில்லை, ஆல்ஸ்டனும் முட்டாள்தனமாகக் கேட்கவில்லை. ஆலோசனை நியாயமானது. திருத்தம் பார்க்க ஆரம்பித்தார். புதுக் கோணத்தைக் கண்டுபிடிக்க 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாக்பீஸ் கோடுகள் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பது தப்பாகத் தெரியும். அதைத் திருத்தினால் இன்னொன்று. வீட்டில் ஒரு சுவருக்குப் புது பெயின்ட் அடித்தவர்களுக்குத் தெரியும். அடுத்த நாளே மற்ற மூன்று சுவரும் அழுக்காகத் தெரிய ஆரம்பிக்கும்.

பணம் வந்தது, பாரமும் வந்தது

1820-ல் பாஸ்டன் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு நல்ல காரியம் பண்ணினார்கள். இவ்வளவு பெரிய கலைஞர் பணக் கவலை இல்லாமல் வேலை பார்க்கட்டும் என்று, இந்தப் படத்துக்காக 10,000 டாலருக்கு ஒப்பந்தம். அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. அதில் ஒரு பகுதியை முன்பணமாக அவர் வாங்கியும் விட்டார்.

இனி அது அவர் படம் மட்டும் இல்லை. ஊருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் 'படம் எந்த மட்டில் இருக்கு?' என்று கேட்பார்கள். கொடுத்தவர்கள் நெருக்கவில்லை என்றாலும், நெருக்காத கடனுக்கும் எடை உண்டு. முன்பணம் செலவானதும் வயிற்றுப்பாட்டுக்குச் சின்னப் படங்கள் வரைய வேண்டியிருந்தது. அதை வரைகிற நேரமெல்லாம் பெரிய படத்திலிருந்து திருடின நேரம் என்று குற்ற உணர்ச்சி. 1820களின் பிற்பகுதியில் ஸ்டூடியோவை விட வேண்டியதாயிற்று. படத்தைச் சுருட்டி வைத்தார். அது வருஷக்கணக்கில் சுருட்டியே கிடந்தது.

வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் வரைய அழைப்பு வந்தது. எந்த அமெரிக்க ஓவியரும் கனவு காண்கிற வாய்ப்பு. மறுத்துவிட்டார். முடிக்காத ஒன்று, தொடங்காத எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டது.

இதில் ஒரு விஷயம் சொல்லணும். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வருஷங்களில் நல்ல படங்கள் பல வரைந்து முடித்தார். 1839-ல் பாஸ்டனில் அவருடைய படங்களை மட்டும் வைத்து ஒரு பெரிய கண்காட்சியே நடந்தது. சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியாது. இந்த ஒரு படத்தின் முன்னால் மட்டும்தான் கை நின்றது. அந்தக் கண்காட்சிக்குப் பிறகு, 60 வயசில், சுருளை மறுபடி பிரித்தார். கடைசி நான்கு வருஷம் அதோடுதான் போராட்டம்.

எனக்கு இதில் விடாமல் உறுத்துகிற இடம் இதுதான். 'எண்ணி முடிக்கப்பட்டது' என்கிற வார்த்தையைப் பற்றிய படம் முடியவில்லை. 'நிறுத்துப் பார்த்தேன், எடை குறைகிறது' என்று சுவர் ராஜாவிடம் சொல்கிறது. ஆல்ஸ்டன் ஒவ்வொரு நாளும் ஸ்டூடியோவுக்குள் போய் அதே தீர்ப்பைத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

அப்போ மார்ட்டின் ஜெயிச்சாரா?

'பாத்தியா, முடிச்சவன்தான் புத்திசாலி' என்று இங்கேயே எபிசோடை முடிச்சிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை.

மார்ட்டினின் பெல்ஷாத்சார் 1854-ல் வண்டியில் போகும்போது, லெவல் கிராசிங்கில் ரயில் மோதி பலமாகச் சேதமானது. அந்த வருஷம்தான் மார்ட்டினும் இறந்தார். அதற்கப்புறம் அவர் பெயர் மெல்ல மறைந்தது. கடைசித் தீர்ப்பை வைத்து அவர் வரைந்த மூன்று பிரம்மாண்ட ஓவியங்கள் 20-ம் நூற்றாண்டில் சொற்ப விலைக்குப் போயின. வெறும் பிரம்மாண்டம், உள்ளே ஒன்றும் இல்லை என்று விமர்சகர்கள் தள்ளிவைத்தார்கள். அப்புறம் மறுபடி தராசு சாய்ந்தது. 2011-ல் லண்டன் டேட் அரங்கில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார்கள். வேகமாக முடித்தவருக்கும் தராசிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. ஒரே வித்தியாசம், அவர் எடை போடுகிற வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டார்.

அதே 1854-ல் இன்னொன்றும் நடந்தது. பைபிளையும் அதை ஒட்டி வந்த எழுத்துகளையும் தவிர வேறெங்கும் பெல்ஷாத்சார் பெயர் கிடைக்காததால், அப்படி ஒருவன் இருந்தானா என்றே அறிஞர்களுக்குச் சந்தேகம் இருந்தது. இராக்கின் ஊர் என்கிற பழைய நகரத்தின் இடிபாடுகளில் ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் உருளைகள் கிடைத்தன. அதில் நபோனிடஸ் என்கிற பாபிலோன் அரசன் தன் மூத்த மகன் பெல்ஷாத்சாருக்காகப் பிரார்த்திக்கிறான். அதாவது ஆள் நிஜம், ஆனால் முழு ராஜா இல்லை. அப்பா ஊரில் இல்லாதபோது ஆட்சியைப் பார்த்துக்கொண்ட இளவரசன். பாபிலோன் பெர்சிய அரசன் சைரஸிடம் விழுந்தது கி.மு. 539-ல். இரண்டு ஓவியர்களும் தூரிகையை எடுத்துப் பல வருஷம் கழித்துத்தான், அவர்கள் வரைந்தவனின் பெயர் களிமண்ணில் படிக்கக் கிடைத்தது.

திரும்பி வந்த ராஜா

சரி, அந்த அறைக்குத் திரும்புவோம்.

ஆல்ஸ்டன் இறந்த பிறகு படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட நினைத்தார்கள். ராஜா இல்லாமல் எப்படிக் காட்டுவது? மேலே பூசியிருந்த பெயின்டைக் கவனமாகச் சுரண்டி எடுத்தார்கள். அடியில் பழைய ராஜா இருந்தார். ஆல்ஸ்டன் முன்பு வரைந்து, போதாது என்று மூடிய அதே ராஜா.

இன்று அந்தப் படம் அமெரிக்காவின் டெட்ராய்ட் கலை நிறுவனத்தில் இருக்கிறது. படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்க. குறைகள் கண்ணில் படும். சில ஆட்கள் பக்கத்து ஆட்களுக்குப் பொருந்தாத அளவில் நிற்பார்கள். பழைய கோணமும் புதுக் கோணமும் ஒரே துணியில் மோதுகின்றன. சில இடங்கள் முழுமை, சில இடங்கள் அரைகுறை. அப்புறம், 1817-ல் இதற்காக அவர் போட்ட சின்ன முன்மாதிரி ஓவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. என் கண்ணுக்கு அந்தச் சின்னப் படத்தில்தான் உயிர் அதிகம். அங்கே ராஜா, தானியேல், ஜோசியர்கள் எல்லாரும் ஒரே அறையில், ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். அதில் யாரும் 20 ஆயிரம் கோடு போடவில்லை.

இதிலிருந்து 'ஆலோசனையே கேட்காதே', 'எதையும் திருத்தாதே' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே இந்த எபிசோடை மூன்று தடவை ரெக்கார்ட் பண்ணேன், மூன்றாவதுதான் நல்லா இருந்தது. நான் எடுத்துக்கிறது இவ்வளவுதான். ஒரு வேலையில் தப்பு கண்டுபிடிக்கிற கண்ணும், அந்த வேலையை நகர்த்துகிற கையும் இரண்டுமே நமக்கு வேணும். ஆல்ஸ்டனுக்குக் கண் வளர்ந்துகொண்டே போச்சு. 37 வயசில் ஆரம்பித்த படத்தை 63 வயசுக் கண்ணால் முடிக்கப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் தராசு கொஞ்சம் நுணுக்கமாச்சு, தட்டில் இருந்த படம் கொஞ்சம் லேசாச்சு.

டெட்ராய்ட்டில் அந்த மூடப்பட்ட ராஜா இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சுவரில் எழுத்து இருக்கிறது, தானியேல் படித்துக்கொண்டிருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவரை வரைந்தவர் மட்டும்தான் போதாது என்று சொன்னார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க கணினியில் 'பைனல்_புதுசு_3' என்று ஏதாவது ஃபைல் இருந்தால், இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை திறந்து பாருங்க.